இரண்டாம் அங்கம், பதினேழாம் பக்கம்

மேடையின் முன்விளிம்பில்
சிப்பிபோல் வளைந்த மரப்பெட்டிக்குள் என் நாற்காலி.
தலை மட்டும் பலகைக்கு மேலே.
இங்கிருந்து பார்த்தால்
எல்லாப் பாத்திரங்களும் முதலில் காலணிகள்தாம்.

சால்டோவில் ஜூலை. குளிர்.
உருகுவே ஆற்றின் மூடுபனி கதவிடுக்கில் நுழைந்து
ஒத்திகை பார்க்கிறது.
இயக்குநர் நெல்லி ஒலாசா
சுண்ணக்கட்டியால் தரையில் நாடகத்தை வரைகிறாள்:
இது தொடக்கம். இது முடிச்சு.
இங்கே ஏறுகிறது. இங்கே,
கடிதம் வந்ததும், திரும்புகிறது.
அப்புறம் சரிவு. விதவை மலைவீட்டை விற்கிறாள்.
விளக்கு அணைகிறது.
கோடு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது,
பொதி சுமந்த கழுதையின் முதுகு மாதிரி.

அந்தத் திருப்பத்தில் நிற்பவன் அதெமார்.
பகலில் ஆரஞ்சுப் பழம் அடுக்கும் கொட்டகையில் கூலி,
இரவில் தபால்காரன்.
அவனுக்கு ஒரே வரி:
"அம்மா, உங்களுக்குக் கடிதம்."
கொடுப்பான், போவான்.
எழுதியவர் அவனுக்கொரு பெயர்கூட வைக்கவில்லை.

மூன்றாம் வாரம் கேட்டான்:
இவன் கடிதத்தில் என்ன இருக்கிறதென்று அறிவானா?
நெல்லி சிரித்தாள்.
சைக்கிளில் வந்தானா, நடந்தா?
இந்த வீட்டு நாய் இவனைப் பார்த்துக் குரைக்குமா, வாலாட்டுமா?
நாடகத்தில் நாயே இல்லை, அதெமார்.
எனக்குத் தெரியும், என்றான். அவனுக்கு?

நெல்லி பொறுமைசாலி.
நீ ஒரு கதவு, என்றாள்.
கதவுக்குப் பிள்ளைப்பிராயம் எதற்கு,
கீலில் எண்ணெய் இருந்தால் போதாதா.

அதைப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.
சரியென்றுதான் பட்டது.
இருபத்திரண்டு வருடமாய்
அடுத்த வரியை முணுமுணுத்தே சம்பளம் வாங்கியவள் நான்.
அடுத்த வரி இல்லாத மனிதரை
நான் எங்கே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை, ஆறாவது காட்சி.
பதினேழாம் பக்கம்.
தட்டினான். வந்தான். காலணியில் நிஜச் செம்மண்.
"அம்மா, உங்களுக்கு" என்றான்.

நின்றான்.
பைக்குள் போன கை வெளியே வரவில்லை.

மறதியில்லை. மறதியின் முகம் எனக்குப் பழக்கம்:
கண் சட்டென்று கீழிறங்கி என்னைத் தேடும்.
இவன் கண் மிர்த்தாவின் மேல் இருந்தது.
அந்தக் கடிதம் அவளை என்ன செய்கிறதென்று
ஐந்து இரவும் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று
பார்த்தவனல்லவா.

என் நாக்கு நுனியில் அந்தச் சொல்.
நான்கே எழுத்து.
துப்பியிருந்தால் கதை ஓடியிருக்கும்.

துப்பவில்லை.
ஏனென்று கேட்காதீர்கள்,
எனக்கும் யாரும் முன்கதை எழுதித் தரவில்லை.

கோடு அங்கேயே நின்றது.
அரங்கில் நூற்றுச் சொச்சம் பேர் இருமலை விழுங்கினார்கள்.
தேம்புவதற்கென்று மூச்சை இழுத்து வைத்திருந்த மிர்த்தா
அதை என்ன செய்வதென்று தெரியாமல்
வெறுமனே விட்டாள்.
பிறகு, எந்தப் பக்கத்திலும் இல்லாத குரலில்,
"இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறீர்கள்,
உட்காருங்கள். ஒரு மாத்தே குடிக்கலாம்."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.
காலிக் கெட்டிலிலிருந்து
காலிச் சுரைக்குடுவைக்கு அவள் ஊற்றினாள்.
குழலை உறிஞ்சியவன், சூடு, என்றான்.
பின்வரிசையில் யாரோ தலையாட்டினார்கள்.

எத்தனை நேரம் என்று தெரியாது.
நெல்லி நான்கு நிமிடம் என்கிறாள்.
மிர்த்தாதான் கடைசியில் கையை நீட்டினாள்:
"சரி, கொடுங்கள்.
நீங்கள் கொடுக்காவிட்டால் நாளைக்கும் ஏற வேண்டியிருக்கும்."

படித்தாள். அழவில்லை.
வீட்டை விற்றாள். விளக்கு அணைந்தது.
சுண்ணக்கோட்டில் ஒரு விரற்கடைகூட விலகவில்லை.

திரை விழுந்ததும் நெல்லி நேராக என் பெட்டியின் முன் வந்து குனிந்தாள்.
அவனைத் திட்டவில்லை, என்னை.
உன் வேலை என்ன? சொல், உன் வேலை என்ன?
பதிலுக்கு எனக்கு வரி இல்லை.

எல்லோரும் போனபின் பென்சிலைச் சீவினேன்.
பதினேழாம் பக்கத்தின் ஓரத்தில்
கதவு என்று எழுதியிருந்ததற்குக் கீழே எழுதினேன்:
நாய் குரைக்கும்.
முதல் நாள் மட்டும்.